திசு ஸ்லைடைப் பார்த்துப் பெயர் சொல்வது எப்படி: முதலாண்டு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"மூலை உடைஞ்சிருந்தா தைராய்டு. ஓரத்துல குமிழி இருந்தா யூரிட்டர்." ஹிஸ்டாலஜி (திசுவியல்) பிராக்டிகலுக்கு முந்தைய நாள் மாலை, ஆய்வக வாசலில் ஒரு மாணவி தன் தோழிக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தேர்வுக்கு வேறு பெட்டியிலிருந்து ஸ்லைடுகளை எடுத்து வைத்தோம். அதிலும் மூலை உடைந்தது ஒன்று இருந்தது. அது கல்லீரல். இருவரும் தைராய்டு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி என்று படிப்பு எதுவானாலும் இடறும் இடம் இதுதான். வேதியியலைத் தனியாக, செல்லைத் தனியாக, திசுவைத் தனியாகப் படிக்கிறார்கள். மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்ததும் மூன்றையும் விட்டுவிட்டுப் புத்தகப் படத்தோடு ஒப்பிடப் பார்க்கிறார்கள். ஸ்லைடு புத்தகப் படம்போல இருப்பது அபூர்வம். ஆனால் அதன் நிறம் எதனால் வந்தது என்று தெரிந்தால் படமே இல்லாமல் பெயர் சொல்லிவிடலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். முதல் சில வாரங்களுக்காவது வரிசையை மாற்றாதீர்கள்.

1. உட்காரும் முன் வேண்டியவை

பள்ளி வேதியியலிலிருந்து இரண்டே விஷயங்கள் போதும். எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்க்கும். எண்ணெயும் நீரும் கலக்காது. இந்த இரண்டும் உறுதியாக இருந்தால் மூன்றாம் படி வரை சிரமம் இல்லை.

செல் பாடத்திலிருந்து: உட்கருவில் டி.என்.ஏ., ரைபோசோமில் ஆர்.என்.ஏ., சைட்டோபிளாசத்தில் பெரும்பாலும் புரதம், சவ்வில் கொழுப்பு. திசுப் பாடத்திலிருந்து நான்கு வகைகளின் பெயர்: எபிதீலியம் (பரப்புகளை மூடி நிற்கும் செல் வரிசை), இணைப்புத் திசு, தசை, நரம்பு. உட்பிரிவுகளை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். பார்த்த பிறகு படித்தால் பாதி நேரத்தில் ஏறும்.

பொருட்கள்: ரெக்கார்டு நோட்டு, ஊதாவும் இளஞ்சிவப்பும் கொண்ட ஹெச் அண்ட் ஈ பென்சில் (ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களின் நிறம்), லென்ஸ் துடைக்கும் தாள். கைக்குட்டையால் லென்ஸைத் துடைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் தூசி கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறலை அடுத்த பத்து பேட்ச் மாணவர்கள் ஏதோ நார் என்று நினைத்துப் படம் வரைவார்கள்.

2. ஸ்லைடு எப்படித் தயாரானது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டினால், ஸ்லைடில் இல்லாதது ஏன் இல்லை என்பது கடைசி வரை புரியாது.

திசுத் துண்டை முதலில் 10 சதவீத ஃபார்மலினில் போடுவார்கள். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமல் நிறுத்தும். அடுத்து அதை மெல்லியதாகச் சீவ வேண்டும். பச்சைத் திசு கொழகொழவென்று இருக்கும், சீவ முடியாது. அதனால் உள்ளே மெழுகை ஏற்றிக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆனால் திசு முழுக்க நீர். உருகிய பாரஃபின் மெழுகு நீரோடு சேராது. ஆகவே 70 சதவீதத்தில் தொடங்கி 100 சதவீதம் வரை ஆல்கஹாலில் படிப்படியாக ஊறவைத்து நீரை எடுக்கிறார்கள். ஆல்கஹாலும் மெழுகோடு சேராது என்பதால் நடுவில் சைலீன் வருகிறது. சைலீன் இரண்டோடும் கலக்கும். அதன் பிறகுதான் மெழுகு. கட்டியானதும் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சுமார் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) தடிமனில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மெழுகை நீக்கிச் சாயம் ஏற்றுவார்கள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு இருந்த இடம் ஸ்லைடில் வெற்றிடமாகத்தான் தெரியும். கொழுப்புத் திசு வெறும் ஓட்டைகளாகத் தெரிவதும், நரம்பு நாரைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை வெள்ளை வளையமாகத் தெரிவதும் இதனால்தான்.

இரண்டாவது: 5 மைக்ரான் என்பது பெரும்பாலான செல்களின் அகலத்தைவிடக் குறைவு. அதாவது நீங்கள் பார்ப்பது முழுச் செல் அல்ல, செல்லின் ஒரு சீவல். அவித்த முட்டையைத் துண்டு போட்டால் ஓரத் துண்டில் மஞ்சள் கரு இருக்காது அல்லவா? அதுபோலத்தான் சில செல்களில் உட்கரு தெரியாது. "இந்தச் செல்லுக்கு நியூக்ளியஸே இல்ல சார்" என்று வருடந்தோறும் யாராவது கேட்கிறார்கள். இருக்கிறது, பக்கத்துச் சீவலில்.

3. நிறத்தை மின்சுமையாகப் படியுங்கள்

பெரும்பாலான ஸ்லைடுகளில் இரண்டு சாயங்கள்: ஹீமடாக்சிலின், இயோசின்.

ஹீமடாக்சிலின் தனியாக ஒட்டாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து, படிகாரத்திலிருந்து வரும் அலுமினியத்தோடு சேரும்போது அது நேர் மின்சுமை பெறுகிறது. டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர் மின்சுமை கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நீலமும் ஊதாவும் கலந்த நிறம் வரும். உட்கரு ஊதாவாக இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இயோசின் எதிர் மின்சுமை கொண்டது. புரதங்களில் லைசின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் நேர் மின்சுமை கொண்டிருக்கும். அங்கே இயோசின் ஒட்டி இளஞ்சிவப்பு தரும். சைட்டோபிளாசம், கொலாஜன் நார், தசை எல்லாம் இந்த நிறம். சிவப்பணு பளிச்சென்று இருப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம் உள்ளே நிறைந்திருப்பதால்.

இனி நிறத்தைப் பார்த்ததும் "இங்கே எது அதிகம்?" என்று கேளுங்கள். கணையத்தின் செல்லில் அடிப்பகுதி நீலமாகவும் நுனி இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அடியில் ரைபோசோம்கள் குவிந்திருக்கின்றன, அதாவது ஆர்.என்.ஏ.; நுனியில் வெளியே போகக் காத்திருக்கும் என்சைம் மணிகள், அதாவது புரதம். ஒரே செல்லுக்குள் தொழிற்சாலையும் கிடங்கும் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன. இரைப்பைச் சுரப்பியில் அமிலம் சுரக்கும் செல் இளஞ்சிவப்பு, பெப்சினோஜன் சுரக்கும் செல் நீலம். முன்னதில் மைட்டோகாண்ட்ரியா நிறைய. பின்னதில் ரைபோசோம் நிறைய. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் காரணத்தைச் சொன்னால் கேட்பவர் அடுத்த கேள்வியைக் கொஞ்சம் நல்ல மனத்தோடு கேட்பார், அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்ணாடிக் குருத்தெலும்பில் செல்களுக்கு வெளியே உள்ள பகுதியே நீலம் பூத்திருக்கும். அங்கே டி.என்.ஏ. எப்படி வந்தது? வரவில்லை. காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் உள்ள சல்பேட்டும் எதிர் மின்சுமைதான். "நீலம் என்றால் உட்கரு" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே திணறுவார். "நீலம் என்றால் எதிர் மின்சுமை" என்று படித்தவர் திணற மாட்டார்.

சளி சுரக்கும் கோப்ளெட் செல்லின் சளி இந்த இரண்டு சாயங்களையும் சரியாக ஏற்காது. வெளுத்த பானைபோலத் தெரியும். தோலின் அடி அடுக்கில் உள்ள மெலனின் நிறமியோ சாயமே இல்லாமல் இயல்பாகப் பழுப்பு.

4. மைக்ராஸ்கோப்பைச் சரியான வரிசையில் இயக்குங்கள்

முதலில் ஸ்லைடை வெறும் கண்ணால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குழாயா, கட்டியா, ஒரு ஓரம் மட்டும் கருத்திருக்கிறதா என்பது அப்போதே தெரியும். இதற்கு ஐந்து நொடி போதும். யாரும் செய்வதில்லை.

திசுவை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மேலே இருக்கிறதா என்று சரிபாருங்கள். தலைகீழாக வைத்தால் 4 எக்ஸிலும் (4 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) 10 எக்ஸிலும் ஒழுங்காகத்தான் தெரியும். 40 எக்ஸில் எவ்வளவு திருகினாலும் தெளிவு வராது. காரணம் எளிது. கவர் ஸ்லிப்பின் தடிமன் சுமார் 0.17 மி.மீ., ஸ்லைடுக் கண்ணாடி சுமார் 1 மி.மீ. அந்தக் கூடுதல் தடிமனைத் தாண்டி 40 எக்ஸ் லென்ஸால் நெருங்க முடியாது. விடாமல் திருகினால் கண்ணாடி உடையும். மூலை உடைந்த ஸ்லைடுகளில் பல இப்படி வந்தவைதான்.

எப்போதும் 4 எக்ஸில் தொடங்கி, பெரிய திருகால் தெளிவாக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 10, பிறகு 40. 40 எக்ஸில் பெரிய திருகைத் தொடவே கூடாது. நுண் திருகு மட்டும். நடுவுக்குக் கொண்டுவருவது ஏன் முக்கியம் என்றால், கண்லென்ஸில் 18 என்று பொறித்திருந்தால் 10 எக்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ.; 40 எக்ஸில் வெறும் 0.45 மி.மீ. ஓரத்தில் இருந்தது காணாமல் போய்விடும்.

அப்புறம், ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் இடப்பக்கம் போகும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

அளவு தெரிய வேண்டுமானால் ஒரு சிவப்பணுவைத் தேடுங்கள். அதன் விட்டம் சுமார் 7.5 மைக்ரான். ஏறக்குறைய எல்லா ஸ்லைடிலும் ஏதோ ஒரு ரத்தக் குழாயில் கிடைக்கும் இலவச அளவுகோல் அது.

5. 4 எக்ஸிலேயே முதல் கேள்வி: வெளி விளிம்பு உண்டா?

புதியவர்கள் நேரே 40 எக்ஸுக்குத் தாவுவதுதான் நான் பார்த்த தவறுகளில் பெரியது. அங்கே தெரிவது சில டஜன் ஊதாப் புள்ளிகள். அது எந்த ஊர் என்று தெரியாமல் ஒரு வீட்டின் கதவைப் பார்ப்பதுபோல.

4 எக்ஸில் வெள்ளையான வெற்றிடத்தை ஒட்டி, செல்கள் நெருங்கி வரிசை கட்டி நிற்கும் விளிம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே எபிதீலியம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாம் படிக்குப் போங்கள். இல்லாவிட்டால் ஏழாம் படி.

ஒரு எச்சரிக்கை. எல்லா வெள்ளை இடமும் உண்மையான வெற்றிடம் அல்ல. தயாரிப்பில் திசு சுருங்கி, கிழிந்து இடைவெளி விழும். கிழிசலின் விளிம்பு பிய்த்த துணிபோல இருக்கும். உண்மையான விளிம்பில் செல்கள் ஒழுங்காக நிற்கும். கறுத்த கோடாகத் தெரிவது பெரும்பாலும் மடிப்பு. கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டம் என்றால் காற்றுக் குமிழி. குமிழியைக் கொழுப்புச் செல் என்று வரைந்து நிழல்கூடக் கொடுத்த ரெக்கார்டு ஒன்றைத் திருத்தியிருக்கிறேன்.

6. எபிதீலியம் என்றால் அடியிலிருந்து மேலே வாருங்கள்

செல்கள் உட்கார்ந்திருக்கும் அடித்தள சவ்விலிருந்து தொடங்கி உட்கருக்களின் வரிசையை எண்ணுங்கள். ஒரே வரிசை என்றால் எளிய எபிதீலியம், பல வரிசை என்றால் அடுக்கு எபிதீலியம். அடுத்து வடிவம். அடுக்கு எபிதீலியத்துக்கு மேற்பரப்புச் செல்லின் வடிவத்தை வைத்துத்தான் பெயர். அடிச் செல்லைப் பார்த்துப் பெயர் வைப்பது மிகப் பரவலான தவறு. தோலின் அடி அடுக்கில் செல்கள் உயரமாக இருக்கும், மேலே தட்டையாகிவிடும். அது அடுக்குத் தட்டை எபிதீலியம்தான்.

செல் எல்லை தெளிவாகத் தெரியாது, அது இயல்பு. சவ்வு மிக மெல்லியது. உட்கருவின் வடிவமே செல்லின் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும்: படுத்த உட்கரு என்றால் தட்டைச் செல், உருண்டை என்றால் கனசதுரம், நின்ற நீள்வட்டம் என்றால் தூண்.

தோலா, உணவுக்குழாயா என்ற குழப்பத்துக்கு மேற்பரப்புச் செல்லில் உட்கரு இருக்கிறதா என்று பாருங்கள். உணவுக்குழாயில் இருக்கும். தோலில் மேலே உட்கருவே இல்லாத கெரட்டின் அடுக்கு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது மிகத் தடிமன்.

சிறுநீர்ப்பையின் மாறுநிலை எபிதீலியத்தைப் பலர் உணவுக்குழாய் என்று எழுதுவார்கள். மேல் வரிசையைப் பாருங்கள். குடைபோல மேலே புடைத்த பெரிய செல்கள், சிலவற்றில் இரண்டு உட்கரு என்றால் மாறுநிலை.

மூச்சுக்குழாயில் உட்கருக்கள் பல உயரத்தில் இருக்கும். ஆனாலும் எல்லாச் செல்லும் அடித்தள சவ்வைத் தொடும். பார்த்து உறுதிசெய்வது கடினம். மேலே குற்றிழைகள், நடுநடுவே கோப்ளெட் செல்கள், சற்றுக் கீழே நீலக் குருத்தெலும்பு: மூன்றும் சேர்ந்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

கடைசியாக, சாய்ந்த வெட்டு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை தெரியும், சாய்த்து வெட்டினால் நீண்டு குழம்பித் தெரியும். ஒரே வரிசைச் செல்லும் சாய்ந்து வெட்டுப்பட்டால் நான்கைந்து வரிசைபோல் காட்டும். ஒரே ஸ்லைடில் ஓரிடம் ஒற்றை வரிசை, ஓரிடம் பல வரிசை என்றால், மெல்லியதாகத் தெரியும் இடத்தை நம்புங்கள்.

7. விளிம்பு இல்லையென்றால்: செல்லுக்கும் நாருக்கும் இடையே என்ன?

செல்கள் தள்ளித் தள்ளி, நடுவில் வேறு பொருள் நிறைந்திருந்தால் இணைப்புத் திசு. நீலப் பரப்பில் குழிகள், குழிக்குள் இரண்டு மூன்று செல்கள் கூட்டமாக என்றால் கண்ணாடிக் குருத்தெலும்பு. தேய்த்துத் தயாரித்த எலும்பு ஸ்லைடில் பெரும்பாலும் சாயமே இருக்காது. மரத்தின் வளையம்போன்ற வட்டங்கள், அவற்றில் காற்று நின்று கறுத்த சிறு குழிகள். இதைத் தவறவிடுபவர் குறைவு.

கொழுப்புத் திசுவை நுரையீரல் என்று எழுதுவது மட்டும் ஓயவே ஓயாது. இரண்டும் ஓட்டைகள்தான். கொழுப்பின் ஓட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒவ்வொன்றும் மூடியது, உட்கரு ஓரத்தில் ஒதுங்கி முத்திரை மோதிரம்போலத் தெரியும். நுரையீரலில் அறைகள் அளவு மாறி, ஒன்றுக்குள் ஒன்று திறக்கும். பக்கத்திலேயே மூச்சு நுண்குழாயும் கிடைக்கும்.

அடுத்தது, மூவர் குழப்பம். தசைநாண், மென்தசை, நரம்பு மூன்றையும் நீளவாக்கில் வெட்டினால் இளஞ்சிவப்பு நார்களும் நீண்ட உட்கருக்களும்தான். எனக்கே முதல் வருடத்தில் இது பிடிபட இரண்டு மாதம் ஆனது. நிறத்தால் பிரிக்க முடியாது; உட்கரு எங்கே இருக்கிறது என்பதால் பிரியுங்கள். தசைநாணில் உட்கரு நார்களுக்கு இடையே நசுங்கி வரிசையாகக் கிடக்கும், ஏனென்றால் நார் என்பது செல்லுக்கு வெளியே உள்ள கொலாஜன். மென்தசையில் உட்கரு அந்த இளஞ்சிவப்புக்குள்ளேயே, நடுவில், சுருட்டுப்போல இருக்கும், ஏனென்றால் அங்கே நாரே செல். சுருங்கிய நிலையில் பதப்பட்டிருந்தால் உட்கரு திருகிக்கொண்டிருக்கும். நரம்பில் நார்கள் அலைபோல நெளியும். மயலின் கரைந்துபோனதால் இடையிடையே நுரைபோல வெற்றிடம்.

எலும்புத் தசைக்கும் இதயத் தசைக்கும் குறுக்கு வரி உண்டு. வரி தெரியவில்லை என்றால் மேடைக்குக் கீழே உள்ள கண்டென்சரின் ஐரிஸை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பை) சற்று மூடுங்கள். வெளிச்சம் குறைந்தால் வேறுபாடு கூடும். உட்கரு ஓரத்தில் பலவாக இருந்தால் எலும்புத் தசை. நடுவில் ஒன்றோ இரண்டோ இருந்து நார் கிளைத்தால் இதயத் தசை. குறுக்கே வெட்டிய ஸ்லைடில் வரி தெரியாது, அங்கே உட்கருவின் இடம் மட்டுமே துணை.

8. வரையும்போது பார்த்ததை வரையுங்கள்

முதலில் 4 எக்ஸில் பார்த்த முழு உருவத்தைச் சிறிதாக வரையுங்கள். அதில் ஒரு பகுதியை 40 எக்ஸில் பெரிதாக்குங்கள். ஊதாப் பென்சிலை எடுத்தால் அங்கே எதிர் மின்சுமை கொண்டது எது என்றும், இளஞ்சிவப்பை எடுத்தால் அங்கே என்ன புரதம் என்றும் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் புத்தகத்திலிருந்து காப்பி அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் உண்மையான விகிதத்தில் வரையுங்கள். எல்லா உட்கருவையும் ஒரே உருண்டையாகப் போட்டுவிட்டால், ஆறாம் படியில் சொன்ன தகவல் முழுவதும் படத்திலிருந்து போய்விடும்.

9. ஸ்பாட்டர் (பார்த்துப் பெயர் எழுதும் தேர்வு) மேசையில்

ஸ்லைடை நகர்த்தாதீர்கள், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அதே இடம் தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால் நுண் திருகை மட்டும் தொடுங்கள். கண்லென்ஸில் குறிமுள் இருந்தால் அதன் நுனி தொடும் பொருளைத்தான் கேட்கிறார்கள், ஸ்லைடு முழுவதையும் அல்ல.

பெயரை முதலில் எழுதாதீர்கள். பார்த்த இரண்டு அடையாளங்களை எழுதிவிட்டு, அவை எந்தப் பெயருக்குப் பொருந்துகின்றனவோ அதை எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால், இல்லாத அடையாளம்கூட இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

பயிற்சிக்கு: நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஸ்லைடுகளின் லேபிள்மேல் காகிதம் ஒட்டி, வரிசையைக் கலைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆறு ஸ்லைடு போதும். முடிந்தால் வேறு பெட்டியிலிருந்தும் இரண்டு சேர்க்கச் சொல்லுங்கள். மூலை உடைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.